ஞாயிற்றுக்கிழமையும் முற்றுப்புள்ளி இல்லாத அத்தியாயமும்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது. துளையிடும் இயந்திரம், வாக்யூம் கிளீனர், காலி பாட்டில்களைத் தொட்டியில் போடுவது என்று எங்கள் அடுக்குமாடியின் தடைப் பட்டியல் எனக்கு மனப்பாடம். நாவல் அதில் இல்லை. போன ஞாயிறு காலை சமையலறையில் உரக்க வாசித்துப் பழகிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு அம்மையார் வந்து கதவைத் தட்டினார். "யாரோடாவது சண்டையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நாவல் படிக்கிறேன் என்றேன். நம்பாதவர்போல் தலையசைத்தார். "பிரார்த்தனை என்றால் பரவாயில்லை. கொஞ்சம் மெதுவாக." வாரம் முழுக்க மென்பொருள் பிழைகளை விளக்கிக் களைத்தவளுக்கு இதையும் விளக்கத் தெம்பில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

நான் ஊரில் இருந்தவரை, பெரிய காஞ்சிபுரத்தில் மஞ்சுளா அக்காவின் ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிறுதோறும் கூடுவோம். எங்கள் ஊர் நாவலாசிரியர் ஒருவரின் புத்தகத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிப்போம். அதில் ஓர் அத்தியாயம் முழுக்க ஒரே வாக்கியம். ஓரிக்கையிலிருந்து கிளம்பும் பேருந்து, ஒருவரின் பல்வலி, யாரோ மடியில் ஏந்திவரும் மீன்தொட்டி எல்லாம் முற்றுப்புள்ளி இல்லாமல் நெரிந்தபடி ஊருக்குள் வரும். சோதனை நாவல் என்பார்கள். கல்லூரி நாட்களில் தனியாக வாசித்து இரண்டாம் பக்கத்திலேயே மூடிவைத்தேன், மாடியில்தான் பிடிபட்டது. அங்கே விதிகள் குறைவு: உரக்க வாசிக்க வேண்டும், மூச்சு முடிகிற இடத்தில் நிறுத்த வேண்டும், அடுத்தவர் அந்தச் சொல்லிலிருந்தே எடுக்க வேண்டும். புரிந்ததா என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. எங்களில் நீண்ட மூச்சு கண்டக்டர் குமார் அண்ணனுக்கு. "இதுல இன்னாமா புரியறதுக்கு இருக்குது? கூட்டத்துல ஏறினா ஸ்டாப்பிங் வர்ற வரைக்கும் நின்னுக்கினு வர வேண்டியதுதான்" என்பார்.

போன ஞாயிறு அந்த நாவலாசிரியரே மாடிக்கு வருவதாக இருந்தது. அவருக்குப் பார்வை போய்விட்டது. தன் எழுத்தை இனி காதால்தான் வாசிக்க முடியும். படியேறுவது இதுவே கடைசி என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். தொடக்கத்தை எனக்குக் கொடுத்திருந்தார்கள். என் குரலில் அவர் ஒருமுறை கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அங்கே மாலை, இங்கே நண்பகல். வீடியோ காலில் தொடங்கினேன். பல்வலிக்காரர் ஏறுவதற்குள் திரை உறைந்தது. என் மூச்சு தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் குமார் அண்ணன் எடுத்துக்கொண்டார். அது தெரியாமல் நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். தொடர்பு திரும்பியபோது பேருந்து வெகுதூரம் போயிருந்தது.

அத்தியாயம் முடிந்ததும் நாவலாசிரியர் கேட்டார். "மொதல்ல படிச்ச பொண்ணு எங்க? பாதியில எறங்கிடுச்சா?"

"நெட்டு போயிடுச்சு சார். ஜெர்மனியில இருக்குது அது" என்றார் மஞ்சுளா அக்கா.

"அப்படின்னா மூச்சு பாக்கி இருக்குமே. படிக்கச் சொல்லு."

"விட்ட எடத்துலருந்து படிமா" என்றார் குமார் அண்ணன். "நடுவுல அறுந்தாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"நீயா? விசில் அடிக்காம இருந்தா போதும்பா!" அக்கா சிரித்தார்.

வாசித்தேன். "கேக்கலமா, சத்தமா" என்றார் அக்கா. கீழ்வீட்டில் நாற்காலி நகரும் ஒலி. காலையில் சொன்ன 'சரி' உறுத்தியது. சன்னலைச் சாத்தினேன். பிறகு கைபேசியோடு, குளிர்கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள் நுழைந்து கதவை இழுத்துக்கொண்டேன். கம்பளி சத்தத்தைக் குடித்தது; குரலை உயர்த்தினேன். "இப்ப கேக்குது" என்றார் அக்கா. கோட்டுக் கைகள் இருபுறமும் தோளில் இடிக்க, மேல்கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, ஓரிக்கைப் பேருந்தில் நின்றுகொண்டு வாசித்தேன்.