மிடாவில் கிடந்த பிள்ளை

அம்மணி ஈர மணலை அள்ளி அள்ளி ஒரு பழந்துணியில் கொட்டிக்கொண்டிருந்தாள். நாலைந்து கை போட்டதும் துணியைச் சுருட்டி மூட்டையாக்கி இடது கையில் தூக்குவாள். வலது கையில் தன் பிள்ளையைத் தூக்குவாள். இரண்டு கையும் ஒரே கனம் சொல்லும்வரை மணலைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாள். பிறகு அந்த மூட்டையை, நெல் அவிக்கிற வாயகன்ற பெரிய பானையான மிடாவுக்குள் இறக்கி, மிடாவை ஏரியில் இடுப்பளவு தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மிடா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கரைக்குக் கொண்டுவந்து, அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் களிமண் அப்பி, மேலே வைக்கோல் பரப்பி, மூட்டையைத் திரும்ப வைத்தாள். இந்தத் தரம் நிமிர்ந்து மிதந்தது. கையால் தண்ணீரை அடித்து அலை எழுப்பிப் பார்த்தாள். உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை.

நாலு மாதப் பிள்ளை கிருஷ்ணனை இதில் படுக்கவைத்து, நவாபு சீமையின் எல்லையைத் தாண்டி, பழவேற்காட்டில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். அவன் வழியில் அழுதால் எல்லாம் முடிந்தது.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கோட்டை கட்டி நூற்றைம்பது வருஷம் ஆகியிருந்த காலம் அது. கோட்டையும் அதைச் சுற்றிய ஊரும் ஒல்லாந்தருக்கு; அங்கே நவாபு ஆட்கள் கை வைக்க முடியாது. சுண்ணாம்புக்குளத்துப் பக்கத்து ஏரிக்கரை நவாபுக்கு. அந்தக் கரையைக் குத்தகைக்கு எடுத்தவர், அங்கே கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பங்களையும் சேர்த்தே எடுத்ததாக நினைத்தார். பிடிக்கிற கை போனால் இறால் வராது. அதனால் ஒருவரும் குடி பெயரக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். தினம் காலையில் அவருடைய சாவடிக் காவல்காரன் சம்பந்தம் குடிசை குடிசையாக வந்து தலையை எண்ணிவிட்டுப் போவான்.

அம்மணிக்கு அப்போது இருபத்தாறு வயது. ஏழு வயதில் ஏரியில் இறங்கியவள். இந்தத் தொழிலில் இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். வருஷக்கணக்காகக் கடித்து அவளுடைய முன்பல் இரண்டும் தேய்ந்திருந்தன. கால் கட்டைவிரலை வைத்தே எங்கே மணல், எங்கே சேறு, எங்கே ஆளை இழுக்கும் பள்ளம் என்று சொல்வாள். மூன்று பிள்ளை பெற்று ஒன்றைப் பறிகொடுத்தவள். மூத்தவள் முனியம்மாவுக்கு ஒன்பது வயது. பொன்னேரிச் சந்தைக்கு இரண்டு தடவை போனதைத் தவிர அம்மணி வேறு ஊர் பார்த்ததில்லை.

புருஷன் கருப்பன் ஏழு மாதத்துக்கு முன்னால், அவள் கர்ப்பமாக இருந்தபோது, ஒரு படகில் ஒளிந்து தப்பிப் போனவன். நாகப்பட்டணத்தில் ஒல்லாந்தர் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றும் படகில் வேலை கிடைத்திருந்தது. பழவேற்காட்டுப் படகுக்காரன் துளசிங்கம் அவனிடமிருந்து சேதி கொண்டுவந்தான். மாசிப் பௌர்ணமிக்கு முந்தின நாள் கோட்டையின் சுலுப்பு, அதாவது சின்னக் கப்பல் ஒன்று, நாகப்பட்டணம் போகிறது. பெண்சாதி, பிள்ளைகள் என்று மூன்று பேருக்கு அதில் இடம் பதிந்தாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் வந்து சேர வேண்டும்.

போன வருஷம் ராமன் குடும்பம் மூட்டை முடிச்சோடு கரைவழியே போய்ப் பிடிபட்டது. ராமனை விட்டுவிட்டார்கள். அவனுடைய மகளைச் சாவடியிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் இப்போதும் அங்கே சாணி தட்டிக்கொண்டிருக்கிறாள். யாரோடும் பேசுவதில்லை. அவளுக்கும் ஒன்பது வயதுதான்.

கருப்பனின் அக்கா முத்தம்மாள் பக்கத்துக் குடிசைக்காரி. பிள்ளையில்லாத விதவை. அவளிடம் மட்டும் அம்மணி விஷயத்தைச் சொன்னாள்.

"கப்பல்ல ஏத்திக்கினு போய் எங்கனா தீவுல வித்துட்டான்னா இன்னாடி பண்ணுவே?"

"உன் தம்பி சொல்லி அனுப்பின சேதி அக்கா."

"தம்பி சொன்னான்னு துளசிங்கம் சொல்றான். தம்பியா வந்து சொன்னான்?"

அந்தப் பயம் அம்மணிக்கும் இருந்தது. ஆனால் சாவடியில் சாணி தட்டுகிற பெண்ணை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிடி போவே? கரை முழுக்க ஆளு."

"தண்ணியிலதான் போவணும். எறா புடிச்சிக்கினே, பட்டப்பகல்ல, குனிஞ்சி குனிஞ்சி நவுந்துக்கினே போய்டலாம். எறா புடிக்கிறவள எவன் நின்னு பாக்கிறான்? மூட்டை இல்ல, முடிச்சு இல்ல. நீயும் எல்லை தாண்டற வரைக்கும் கூட வா. கும்பலா இருந்தா சந்தேகம் வராது. பொழுது சாயறதுக்குள்ள திரும்பி வந்து என் வூட்ல அடுப்ப பத்த வெச்சிடு. பொகை வந்தா நாங்க இருக்கறதா நெனச்சிப்பான். மறுநாள் எண்ண வரும்போது சுலுப்பு போயிருக்கும்."

மறுநாள் சம்பந்தம் எண்ண வரும்போது முத்தம்மாள் தனியாக நிற்பாள். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

"புள்ளை அழுதா?" என்றாள் முத்தம்மாள்.

"அபின் குடுக்கணும்."

"நாலு மாசப் புள்ளைக்கா? உனக்குப் புத்தி கித்தி கீதா? இந்த வூட்ல புள்ளைக்கு எந்த மருந்தும் அத்தை கையாலதான் போவணும். அத்தை நான் சொல்றேன், குடுக்க மாட்டேன். தீந்துது."

பிள்ளைக்கு மருந்து உரசி ஊற்றுவது அத்தையின் உரிமை என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். பிள்ளை வளர்த்தவர்கள் யாரும் கைக்குழந்தைக்கு அபின் கொடுப்பதை ஒப்ப மாட்டார்கள். முத்தம்மாள் சொன்னது சரி. ஆனால் வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நாளும் வந்தது. சம்பந்தம் வந்து எண்ணினான். அவன் அடுத்த குடிசைகளுக்குப் போனதும், முத்தம்மாள் வெளியே பறிகளை எடுத்துக்கொண்டிருந்த நேரம், அம்மணி கடுகில் பாதி அபினைக் கல்லில் வைத்து, தாய்ப்பாலில் இழைத்து, விரலால் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் தடவினாள். முத்தம்மாளிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும், சத்தம் வரும். பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு, மிடாவைத் தண்ணீரில் இறக்கி, இடுப்பில் கட்டிக்கொள்ளும் கயிற்றை அதில் கட்டப் போனாள். திரும்பி வந்தபோது முத்தம்மாள் பிள்ளையின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கிட்டான். கெளம்பு."

மிடாவில் பிள்ளையைக் கிடத்தி, காற்று போகும்படி ஓலைப் பின்னலால் மூடி, மேலே ஈரக் கோரையைப் போட்டார்கள். மாசி மாதத்துத் தண்ணீர் எலும்பைக் குத்தியது. மூன்று பேரும் பறியைக் கடித்துக்கொண்டு குனிந்தார்கள். இரண்டு கை நீட்டும் தூரம் நகர்வது, தடவுவது, மறுபடி நகர்வது. பழவேற்காட்டுக் கரை கண்ணுக்குத் தெரிந்தது, கிட்டே வரவில்லை. வேகமாகப் போகக்கூடாது. வேகமாகப் போகிறவள் இறால் பிடிக்கிறவள் அல்ல. அம்மணியின் கால் ஓடத் துடித்தது. அதைச் சேற்றில் ஊன்றி ஊன்றி நிறுத்தினாள்.

எல்லையில் மூங்கில் கழிகளை வரிசையாக நட்டிருந்தார்கள். அதற்கு நேரே கரையில், எண்ணிக்கை முடித்து வந்த சம்பந்தம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"இன்னா அம்மணி, இவ்ளோ தூரம்? ஓடிப்போன புருசன சேத்துல தடவித் தேடறியா?"

அம்மணியின் வாயில் பறி இருந்தது. பேச வேண்டியதில்லை. பேசியிருந்தால் குரல் காட்டிக்கொடுத்திருக்கும். முத்தம்மாள் பறியைக் கையில் எடுத்தாள்.

"அவன் கெடச்சா மொதல்ல உனக்குத்தான் சாமி பங்கு. மீசைய மட்டும் எங்களுக்கு விட்டுடு."

சம்பந்தம் சிரித்தான். "வாய் கொழுப்பு உனக்கு. அந்தப் பானையில இன்னா?"

அம்மணியின் கை சேற்றுக்குள் அப்படியே நின்றது. மிடா அவள் முதுகுக்குப் பின்னால் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சிணுங்கல் போதும். முனியம்மா யாரும் சொல்லாமலே கரைக்கு நடந்து, தன் பறியைக் கவிழ்த்து, துள்ளும் இறாலை அவன் துண்டில் கொட்டினாள்.

"பெருசு பெருசா பொறுக்கி வெச்சேன் சாமி. எடுத்துக்கோ."

அவன் குனிந்து பொறுக்க ஆரம்பித்தான். இரண்டு பெண்களும் தடவிக்கொண்டே கழிகளைத் தாண்டினார்கள். அவன் தலை நிமிர்வதற்குள் முனியம்மா பின்னாலேயே வந்து சேர்ந்தாள். மிடாவிலிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை. நல்ல பிள்ளை என்று அம்மணி நினைத்துக்கொண்டாள்.

உச்சிப் பொழுதுக்கு முன்னால் பழவேற்காட்டுக் கரை ஏறினார்கள். துளசிங்கத்தின் கொட்டகை நிழலில் கோரையை விலக்கிப் பிள்ளையைத் தூக்கினாள் அம்மணி. தலை பின்னால் தொங்கியது. கை விழுந்தது. உதட்டைச் சுற்றி நீலம். இமையைப் பிரித்துப் பார்த்தாள். கருமணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

"அளவாத்தானே குடுத்தேன். கடுகுல பாதி. அதுக்கு மேல இல்ல."

முத்தம்மாள் அம்மணியின் கையைப் பிடித்தாள். "நீயா? நீ குடுத்தியா?"

"நீ குடுக்க மாட்டேன்னே."

"ராவெல்லாம் தூக்கம் வரல. அழுதுட்டான்னா முனியம்மாவ சாவடியில புடிச்சி வெச்சிக்குவானேன்னு... அத்தை கையால போனா ஒண்ணும் ஆவாதுன்னு... நீ மிடாவ கட்டப் போனப்ப குடுத்தேன்டி. ஒரு கடுகு."

அம்மணி அவளைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து உள்ளங்காலில் விரலால் சுண்டினாள். ஒன்றுமில்லை. இன்னும் பலமாகச் சுண்டினாள். முகம் லேசாகச் சுளித்தது.

"முனியம்மா, தம்பி வயித்து மேல கைய வை. வயிறு மேல வரும்போதெல்லாம் உம்முனு சொல்லு. நிறுத்தாத. அக்கா, அழாத. பச்சத்தண்ணியில துணிய நனைச்சிக் குடு."

"இன்னாத்தையாவது ஊத்தி வாந்தி எடுக்க வெக்கலாமா?"

"வேணாம். முழுங்கத் தெம்பில்ல. ஊத்தினா மூச்சிலதான் போவும்."

முனியம்மா "உம்" என்றாள். சிறிது பொறுத்து மறுபடி "உம்". இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒரு தடவை அவள் வாயைத் திறந்தபடியே இருந்தாள், சத்தம் வரவில்லை.

"அம்மா, வரல. வயிறு வரல."

அம்மணி பிள்ளையைக் கிடத்தி, அதன் மூக்கையும் வாயையும் தன் வாயால் மூடி, கன்னத்தில் இருக்கிற காற்றை மட்டும் மெல்ல ஊதினாள். அவளுடைய இரண்டாவது பிள்ளை பிறந்தபோது மருத்துவச்சி அப்படித்தான் ஊதினாள். அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. அம்மணிக்கு அது நினைவில் இருந்தது. இருந்தும் ஊதினாள். ஏழாவது ஊதலில் வயிறு தானாக எழுந்தது.

"உம்," என்றாள் முனியம்மா.

பொழுது சாயும் நேரம் துளசிங்கம் ஓடி வந்தான். சுலுப்பு அலைக்கு அப்பால் நிற்கிறது. அலையைத் தாண்டி ஆளை ஏற்றுகிற சலங்குப் படகு கடைசி நடை கிளம்புகிறது.

"கெளம்புமா! விடியக்காத்துல பாய் எடுத்துடுவான். அடுத்த சுலுப்பு எப்ப வரும்னு கோட்டைக்காரனுக்கே தெரியாது."

"அலை மேல அடிக்குமா?"

"சலங்குல ஏறினா நனையாம போவ முடியுமா? இன்னா கேள்வி கேக்கிறே?"

"ஒரு கை தண்ணி மூஞ்சில அடிச்சா இவனுக்கு இருமத் தெம்பு இல்ல. நான் வரல."

"பொண்ணையாவது குடு. நைனாகிட்ட கொண்டுபோய் விட்டுடுவாங்க."

முனியம்மா நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். கை தம்பியின் வயிற்றிலேயே இருந்தது. "உம்," என்றாள்.

அம்மணி கடலைப் பார்த்தாள். சாவடிக்காரனிடம் சிக்காத மகளை யாரோ முகம் தெரியாத ஆட்களிடம் தானே கொடுப்பதா? தலையசைத்து மறுத்தாள். துளசிங்கம் வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டு போனான்.

முத்தம்மாள் வடக்கே, தங்கள் குடிசைப் பக்கம் பார்த்தாள். இந்நேரம் அவள் திரும்பிப்போய் அடுப்பைப் பற்றவைத்திருக்க வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளையின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மணியும் அவளைப் போகச் சொல்லவில்லை. மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பிள்ளையைத் தூங்கவிடாமல் விடியும்வரை வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை கிருஷ்ணன் அம்மணியின் மடியை நனைத்தான். பிறகு வாய் திறந்து, கரகரத்த குரலில், இடைவிடாமல் அழுதான். மார்பைக் கொடுத்ததும் ஈறால் கடித்து இழுத்துக் குடித்தான். உதடு சிவந்திருந்தது. கடலில் சுலுப்பு இல்லை.

முத்தம்மாள் கொட்டகையின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பிழைத்ததும் அதைத் தொடுவதை நிறுத்திவிட்டிருந்தாள். அம்மணி பால் கொடுத்து முடித்து, பிள்ளையைக் கொண்டுபோய் அவள் மடியில் போட்டாள்.

"வேணாம்டி. என் கையில குடுக்காத."

"நான் கோட்டைக்குப் போவணும். வேற யாரு புடிப்பா? தலைய ஒசத்திப் புடி. தூங்கினா எழுப்பு."

கோட்டை வாசலில் கப்பலில் போகிறவர்களின் பேரை எழுதும் ஆபிரகாம் உட்கார்ந்திருந்தார். அம்மணி சேற்றுப் புடவையோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"நேத்து சுலுப்புக்குப் பதிஞ்சி வராத கூட்டம் நீதானா? அடுத்தது சித்திரையில வந்தா உண்டு. அதுவும் நிச்சயமில்ல."

"அதுக்கே எழுதுங்க ஐயா."

"மூணு பேரு. கருப்பன் பெண்சாதி, மக, மகன்."

"நாலு பேரு."

ஆபிரகாம் ஏட்டைப் புரட்டினார். "இதுல மூணுன்னுதானே இருக்கு? நாலாவது யாரு?"

"புள்ளையோட அத்தை. பேரு முத்தம்மாள். எழுதுங்க," என்றாள் அம்மணி. அவர் எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.