தும்பிக்கையை உடைத்த படை

எங்கள் ஊர்க் கோயில் படிக்கட்டடியில் நிற்கும் கல்யானையின் தும்பிக்கையை உடைத்தவன் நான். அதைவிடப் பெரிய குற்றம், அந்தப் பழியை எந்தக் காலத்திலோ பக்கத்து ஊர்க் கோட்டைக்கு வந்த ஒரு முஸ்லிம் படையின் மேல் போட்டது. முப்பது வருடம் சரித்திர வாத்தியாராக இருந்து அதைப் பாடமாகவும் நடத்தினேன்.

உடைத்தபோது எனக்கு இருபது வயது. நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே எங்கள் ஊர். திருவிழாவுக்காக வேப்பமரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டத் தும்பிக்கை மேல் ஏறி நின்றேன். கீழே என் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தவன் என் கூட்டாளி. அவன் அப்பாவை ஊரே ராவுத்தர் என்று கூப்பிடும். அந்தப் படிக்கட்டடியில்தான் தேங்காய், சூடம், பத்தி விற்பார். படக்கென்று ஒரு சத்தம். ஒரு சாண் நீளக் கல் தனியாக வந்துவிட்டது. அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினோம். ஓட ஓடச் சிரித்தோம். பிறகு பார்த்தவர்களும் பழைய கல், எப்போதோ உடைந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

வாத்தியாரான முதல் வருடம் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். "சார், தும்பிக்கை எங்கீங்?" என்று ஒருத்தி கேட்டாள். "கோட்டைக்கு வந்த படை உடைச்சிருச்சு" என்றேன். அவ்வளவு லேசாக வந்தது. அடுத்த வருடம் அந்தப் படைக்குக் குதிரை கிடைத்தது. அதற்கடுத்த வருடம் பீரங்கி. கோயில் மலரில் கட்டுரையாக எழுதியபோது தளபதி ஒருவரும் வந்து சேர்ந்தார், மீசையோடு. கூட்டாளி அதை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த வருடத் திருவிழாவுக்கு முன் கமிட்டியில் ஒரு தீர்மானம் எழுதினார்கள். தும்பிக்கையை உடைத்தவர்களின் வகையறாவுக்குக் கோயில் வாசலில் தேங்காய்க் கடை எதற்கு? ராவுத்தருக்குப் பிறகு அந்தக் கடையை நடத்துவது கூட்டாளிதான். ஆதாரம், என் கட்டுரை.

அன்று மத்தியானம் அவன் என் வீட்டுக்கு வந்தான். சண்டை போடவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டான்: "ஏன் மாப்ளே, உன்ற படைல எங்கப்பன் எத்தனாவது வரிசைல நின்னாரு?"

சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். கமிட்டித் தலைவன் என் பழைய மாணவன். கையெடுத்துக் கும்பிட்டான்.

"பாத்தீங்களா, சார் எத்தனை தங்கமான மனுசர்! கூட்டாளிக்காகப் பொய்கூடச் சொல்றாருங்க."

கூட்டம் கைதட்டியது. முப்பது வருடம் சொன்ன பொய்க்கு ஒருவரும் கை தட்டியதில்லை.

வீட்டுக்கு ஓடினேன். எழுபத்து மூன்று வயதில் அப்படி ஓட முடியும் என்று எனக்கே தெரியாது. அந்தக் கல் சமையலறையில் இருந்தது. ஜாடியில் எலுமிச்சங்காய் மிதக்காமல் இருக்க, கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி அதைத்தான் பாரமாக வைக்கிறாள். நான் ஜாடிக்குள் கையை விட்டதும் பதறினாள்.

"அம்மிக்கல்லு உடைஞ்சதுன்னல்ல சொன்னீங்க?"

"அதும் பொய்தான்."

"இன்னும் எத்தனை இருக்குதுங்க?"

"அப்புறமா சொல்றேன், விடு."

"காய் இன்னும் ஊறலீங்க!" என்று வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

கமிட்டியைப் படிக்கட்டடிக்கு அழைத்து வந்து யானையின் முகத்தில் கல்லை வைத்துப் பொருத்தினேன். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. ஆனால் மஞ்சள் மஞ்சளாக இருந்தது, எலுமிச்சை வாடை அடித்தது. கமிட்டி முழுவதும் ஒவ்வொருவராகக் குனிந்து முகர்ந்து பார்த்தது. தலைவன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"ஏனுங் சார், அந்தப் படை நம்மூர்ல ஊறுகாயும் போட்டுச்சுங்களா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர் மட்டும் விடவில்லை: "படை உடைச்சது போக மிச்சத்தை வாத்தியார் உடைச்சிருப்பாரு." தீர்மானத்தைக் கிழித்துப் போட்டார்கள். அந்தப் பெரியவர் இன்றைக்கும் படையைக் கைவிடவில்லை.

மலருக்கு ஒரு பக்கம் திருத்தம் எழுதிக் கொடுத்தேன். கொடியேற்றத்தன்று கடைக்குப் போனேன். கூட்டாளி நிமிர்ந்து பார்த்தான்.

"வாங்க சார்."

அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"ஒவ்வொரு கோயில் நோம்பிக்கும் எவனாச்சும் யானையப் பாப்பான், அப்புறம் என்னையப் பாப்பான். அப்பெல்லாம் சாருக்கு வாய் வரல. கடை போகுதுன்னதுக்கப்புறந்தான் வந்துச்சு."

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க. யாரு கேட்டாலும் நீங்களே சொல்லுங்க."

உட்கார்ந்தேன், தினமும். உடைத்தவனைப் பார்க்கவே கூட்டம் வந்தது. எப்படி நின்றேன் என்று காட்டச் சொல்லி ஒற்றைக் காலில் நிற்க வைத்தார்கள். கடையில் தேங்காய் தீர்ந்து தீர்ந்து மறுபடி வண்டியில் வந்து இறங்கியது. ஐந்தாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பிறகு அவனே சொல்ல ஆரம்பித்தான். அவன் கதையில் நான் தும்பிக்கையோடு கோயில் குளத்தில் விழுந்தேன். மறுநாள் சொன்னபோது அதே குளத்தில் என் வேட்டியும் போனது. தேரன்று அவன் என்னைத் தலைமுடியைப் பிடித்துக் கரையேற்றினான். நான் அம்மா, அம்மா என்று அழுதேன். கேட்டவர்கள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

நான் அன்று குளத்துப் பக்கமே போகவில்லை.

"அப்படித்தானுங்களா சார்?" என்று தேங்காய் வாங்க வந்த ஒருத்தி கேட்டாள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்று தலையாட்டினேன்.