சாய்தளத்தில் காயும் நெல்

இன்னைக்கு ஏரிக்கரைல என் மானம் போச்சு.

ஆரோக்கியம் என்கூடப் படிச்சவன். சிங்கப்பூர்ல கட்டட வேலை பாக்கும்போது சாரத்துலேருந்து விழுந்து, வீல்சேரோட ஊர் திரும்பினான். அதுக்கப்புறம் வீட்டை விட்டு வெளியவே வர்றதில்ல.

"பறவைகள் சரணாலயத்துல புதுசா சாய்தளம் போட்டிருக்காங்கடா. கரை மேல வரைக்கும் வீல்சேர்லயே போயிடலாம்"னு நான்தான் நச்சரிச்சுக் கூட்டிட்டுப் போனேன்.

போய்ப் பாத்தா, சாய்தளம் முழுக்க நெல்லு காயுது. சக்கரம் வைக்க இடமில்ல.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! "மாற்றுத்திறனாளிங்க போற வழிங்க இது. எவன் கொட்டினது? அறிவு வேணாம்?"னு வாட்ச்மேன்கிட்ட கத்தினேன்.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உங்க வயல் நெல்லுதாங்க. நீங்க சொன்னீங்கன்னுதான் ஆளுங்க கொட்டுனாங்க."

காலைல போன்ல, "நெல்லு ஈரமா இருக்கு, எங்கயாவது சிமெண்ட் தளமாப் பாத்துப் பரப்பிடுங்க"ன்னு சொன்னது நான்தான்.

வெறுங்கையால அள்ள ஆரம்பிச்சேன். ஆரோக்கியம் தடுத்தான்.

"விடுடா, காயட்டும். நான் இங்கேருந்தே சத்தம் கேட்டுக்கறேன்."

கரைக்கு அந்தப் பக்கம் பறவைங்க கத்திக்கிட்டே இருந்துச்சு.

உங்க ஊர் சாய்தளத்துல என்னங்க காயுது?