தம்பியை வாங்காத ஏலம்

எங்கள் பக்கத்துக் கபடிப் போட்டியில் ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கும் வழக்கம் வந்தபின், எல்லா ஊர்க்காரர்களும் ஒரே தப்பைத்தான் செய்தார்கள். ஓர் அணி ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பது விதி. அதில் பாதிக்கு மேல் ஒரே ரைடருக்குக் கொட்டிவிட்டு, மிச்சச் சில்லறையில் ஆறு பேரைப் பொறுக்குவார்கள். அந்த ஒருவன் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தால் அணியே கலகலத்துவிடும். எங்கள் ஊர் அப்படியே வருஷாவருஷம் முதல் ஆட்டத்தில் மண்ணைக் கவ்வியது. இன்னொரு முறை அப்படித் தோற்றால் எங்கள் இடம் வேறு ஊருக்கு என்று போட்டி நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். பொறுப்பேற்க ஆளில்லாமல், பள்ளியில் கபடி ஆடிய பெண் என்று என் தலையில் கட்டினார்கள்.

வட்டாரத்திலேயே விலை உயர்ந்த ரைடர் என் சொந்தத் தம்பி. உள்ளூர் ஆள் ஒருவரை ஏலத்துக்கு முன்பே பேசி எடுக்கலாம் என்பதால், முப்பதாயிரத்துக்கு வா என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனான். சங்கராபுரத்துக் கல்யாண மண்டபத்தில் அவன் பெயர் வந்தபோது நான் கையே தூக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் அறுபத்தைந்தாயிரத்துக்கு எடுத்தார்கள். அவன் என்னையே பார்த்தான், நான் பெயர்ப் பட்டியலைப் புரட்டினேன்.

என் கண் கரியாலூர்ப் பக்கத்து மாமன் மச்சான் இருவர் மேல் இருந்தது. நான் வேலை பார்க்கும் எடை மேடையில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்றுகிறவர்கள், கபடியில் ரைடரை மடக்கிப் பிடிக்கிறவர்கள். ஆளுக்கொரு பக்கம் குனிந்தால், பேச்சே இல்லாமல் இருவர் கையும் ஒரே நேரத்தில் எழும். மச்சானை எட்டாயிரத்துக்கு எடுத்தேன். மாமன் தனியாக ஏலத்துக்கு வந்தபோது, என் அவசரத்தைக் கண்ட ஒருவர் வேண்டுமென்றே விலையை ஏற்ற, இருபதாயிரம் ஆனது. மண்டபமே சிரித்தது. ஒற்றை ஆளுக்கு அது அதிகம்தான். ஜோடிக்குக் கொள்ளை மலிவு. மிச்சத்தை மற்ற ஐந்து பேருக்கும் பரவலாகப் பிரித்தேன்.

அன்று வீட்டில் தம்பிக்குக் கோழிக் குழம்பு, எனக்கு ரசம்.

"கூடப் பொறந்தவன வுட்டுட்டு எவனோ ரெண்டு பேர வாங்கிக்கினு வந்துருக்கிற," என்றாள் அம்மா.

முதல் ஆட்டத்தில் ஜெயித்ததுமே ஊரின் இடம் நிலைத்துவிட்டது. ஆனால் எனக்கு அது போதவில்லை. இறுதி ஆட்டம் தம்பியின் அணியோடு. ஒரு புள்ளி முன்னால் இருந்தோம், கடைசி ரைடுக்கு அவனே வந்தான். மூலையில் மச்சான் கணுக்காலைப் பிடித்தார். தம்பி திரும்புவதற்குள் மாமனின் கை இடுப்பில் விழுந்தது. அடுத்து அவன் கால் தரையில் இல்லை. கிழங்கு மூட்டையைவிட அவன் எடை கம்மிதானே. நான் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. சிரித்த மண்டபம் முழுக்க அங்கேதான் இருந்தது, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

உடம்பெல்லாம் மண்ணோடு தம்பி என்னிடம் வந்தான்.

"யக்கா, அடுத்த வருசம் பாதி வெலைக்கே வரேன். அவுங்க ரெண்டு பேரும் எம்பக்கம் இருந்தா போதும்."

"பாதியே ஜாஸ்திடா," என்றேன்.