மச்சான் கண்ட கப்பல்

பொறாமை எனக்குப் பிறவிக் குணம். மறைத்துக் கதைக்க எனக்கு ஏலாது. கூடப்பிறந்த ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான். அவரில் எனக்கிருந்த எரிச்சலுக்குக் காரணம் கடலடியில் கிடந்த ஒரு கப்பல்.

வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில் குண்டு பட்டு மூழ்கித் தாண்டது. மச்சானின் நங்கூரம் தற்செயலாக அதில் மாட்டியது. உள்ளே பாரையும் கலவாயுமாகப் பெரிய மீன்கள் குடியிருந்தன. எங்கட கிண்ணியாக் கரையில் கண்டவனுக்குத்தான் இடம், மற்றவன் அங்கே தூண்டில் போடமாட்டான். மலைமுனையையும் வெளிச்சவீட்டையும் அடையாளம் வைத்து, கண்ணால் கோடு பிடித்தே மச்சான் நேரே கப்பலுக்கு மேலே போய் நிற்பார். நான் நாலு சின்னச் சூடை மீனோடு கரைக்கு வருவேன், அவர் வள்ளம் நிறைய வருவார். "மருமகன் கைராசிக்காரன்" என்பா உம்மா. எங்கட வீட்டுக்கும் ஒரு பாரை வரும். அதைத் தின்னும்போதும் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் தூரத்தில் பின்னால் போய், இடத்தைப் போனில் குறித்துக்கொண்டேன்.

மச்சான் மக்காவுக்கு உம்ராப் பயணம் போனார். கட்டிப்பிடித்து அனுப்பியவனும் நான்தான். அந்தக் கிழமையே வெளியூர் ஆட்கள் சிலர் பழைய இரும்பு தேடி வந்தார்கள். போனைத் திறந்து காட்டினேன். சல்லிக்காக இல்லை, வல்லாஹி! எனக்கில்லாதது அவருக்கும் வேண்டாம். வைக்கோற்போர் நாயின் புத்தி. இரண்டு துண்டு வெட்டுவார்கள், மீன் வெருண்டு ஓடும் என்றுதான் நினைத்தேன். பாவிகள் ஊர் அறியாமல் இரவிரவாக முழுக் கப்பலையும் வெட்டி ஏற்றிவிட்டார்கள்.

மச்சான் பேரீச்சம்பழத்தோடு வந்தார். எனக்காகவும் அங்கே அல்லாஹ்விடம் துஆ கேட்டாராம். நாலு நாள் கடலுக்குப் போனார். பிறகு என் வீட்டுக் கதிரையில் வந்து குந்தினார்.

"தம்பி, என்ட கண் போயிட்டு. கோடு பிடிக்க ஏலாமக் கிடக்கு. நங்கூரம் மாட்டுதில்ல."

"கண்ணில ஒண்டும் இருக்காது மச்சான்."

"பின்ன? அவ்வளவு பெரிய கப்பல் எழும்பி நடந்து போகுமா?" சிரித்தார். "இனி அந்த இடம் உனக்குத்தான். நீ போய்ப் பிடி. எனக்கு ஒரு பாரை அனுப்பினாப் போதும்."

உண்மையைச் சொல்லாமல், "சரி மச்சான்" என்றேன்.

அடுத்த நாள், ஒரு துண்டாவது மிஞ்சியிருக்குமா என்று போன் காட்டிய இடத்தில் நங்கூரம் போட்டேன். அது மணலில் இழுபட்டுக்கொண்டே போனது. திரும்பும் வழியில் சந்தையில் ஒரு பாரை வாங்கி ராத்தா வீட்டுக்கு அனுப்பினேன்.

"அல்ஹம்துலில்லாஹ், கப்பல் அங்கதான் கிடக்கு. என்ட கண்தான் போச்சு" என்றாராம் மச்சான். அன்றைக்கே வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டார். பிறகு கடலுக்குப் போகவேயில்லை.

இப்பவும் கிழமைக்கொரு பாரை வாங்கி அனுப்புகிறேன். அவரைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரியும். மனுசன் அதை என்ன நிம்மதியாகத் தின்கிறார்!