கம்பளத்துக்குள் ஒரு தூண்டாமணி விளக்கு

என் கணவர் பழைய சாமான் சந்தையில் வாங்கி வந்த துருக்கிக் கம்பளம், ஒரு காலத்தில் ஏதோ பணக்கார டேனிஷ் வீட்டின் சாப்பாட்டு மேசையில் கிடந்ததாம். அவ்வளவு விலைச் சாமானை மிதிக்க மனம் வராமல் அந்நாளில் மேசையில் விரிப்பார்களாம். விற்ற பெண் சொன்ன கதை. ஓரத்தில் கோப்பிக் கறை இருந்ததால் நானும் நம்பினேன்.

எனக்குப் பிடித்தது அதன் நடுப்பகுதி. கோயில் வாசல் மாதிரி ஒரு வளைவு, அதற்குள் சங்கிலியில் தொங்கும் ஒரு விளக்கு. தூண்டாமணி விளக்கேதான்! இஷொய் என்கிற இந்த டேனிஷ் ஊரில் எங்கள் வீட்டுப் பிள்ளையார் வரவேற்பறை அலுமாரிக்குள் இருக்கிறார். அவருக்கு முன்னால் விரித்து, அதில் இருந்துதான் தேவாரம் பாடினேன். பெருமை வேறு.

மகள் வந்து கெடுத்தாள். அது முஸ்லிம்கள் தொழுகிற விரிப்பு என்று டேனிஷில் சொல்லிவிட்டுத் தன் கைபேசிக்குத் திரும்பிவிட்டாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். மேல்வீட்டுத் துருக்கிக்காரி இங்கே எனக்கிருக்கும் ஒரே சிநேகிதி. நான் சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது எங்கள் வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்தவள். அவள் இதைக் கண்டு மனம் நொந்து வராமல் விட்டால்?

அதன்பிறகு அழைப்புமணி அடித்தாலே இருப்புக் கொள்ளாது. சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவேன். அவள் போனதும் விரிப்பேன்.

"பேசாமல் வித்துப்போடுங்கோ," என்பேன் இவரிடம்.

"உமக்கென்ன விசரே?" என்பார் இவர்.

ஒரு பின்னேரம் கதவு திறந்து கிடந்ததால் மணி அடிக்காமலே வந்துவிட்டாள். நான் கம்பளத்தில் இருந்தேன். பதறி எழும்பி, தெரிந்த டேனிஷையும் மறந்து உளறினேன்.

அவள் குனிந்து கோப்பிக் கறையைத் தடவினாள்.

"இது யார் செய்த வேலை?"

"பழைய சொந்தக்காரர்."

"நீ செருப்பில்லாமல்தானே இருக்கிறாய்?"

தலையாட்டினேன்.

"எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. அப்பா வெளிநாட்டு வியாபாரிக்கு விற்றுவிட்டார். அம்மா அதற்குப் பிறகு நைலோன் விரிப்பில்தான் தொழுதாள்." பிறகு, "இதில் நான் தொழலாமா?" என்று கேட்டாள்.

கம்பளத்தை மக்கா இருக்கும் திசைக்கு, எங்கள் குளிர்சாதனப் பெட்டியைப் பார்க்கத் திருப்பினாள். நான் அலுமாரிக் கதவைச் சாத்தினேன். பிள்ளையார் கோவிக்கமாட்டார்.

இவர் வேலையால் வந்து அதில் இடறினார்.

"ஏனப்பா இது கோணலாக் கிடக்குது?"

"கிடக்கட்டும். சுத்திப் போங்கோ. நாளைக்கும் அவ வருவா."