மாலை போட்ட டிராக்டர்

வியாழக்கிழமை காலை மணி ஏழு பத்து. தோட்டத்துப் பட்டறை வாசலில் நான் முதலில் பார்த்தது, மாலை போட்ட ஒரு டிராக்டர்.

சாமந்தி மாலை. நான்கு நாள் பழசு, வாடியிருந்தது. முன்னால் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். சக்கரங்களுக்குப் பின்னால் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள். டிரெய்லருக்குப் புதிதாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மொத்தத்தில் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது.

இந்த மாப்பிள்ளைதான் போன வெள்ளிக்கிழமை எட்டுப் பேரைக் கால்வாயில் கொட்டியவர்!

மலேசியாவில் அசாம் ஜாவா என்ற சின்ன ஊரிலிருந்து நாலு மைல் உள்ளே இருக்கும் செம்பனைத் தோட்டம், பாமாயில் தோட்டம் அது. அங்கே தொழிற்சங்கச் செயலாளர் பெருமாள் என் பள்ளித் தோழர். “பத்து மணிக்கு விசாரணை. பேப்பர்காரன் ஒருத்தன் வாசல்ல நின்னா கொஞ்சம் பயப்படுவாங்க” என்று முதல் நாள் போன் செய்தார். பயமுறுத்தும் முகம் எனக்கு இல்லை. இருந்தாலும் போனேன்.

நடந்தது இதுதான். டிரைவர் சந்தனம், வேலை முடிந்த எட்டுப் பேரைக் காலி டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு லயத்து வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பாரிட்டைக் கடக்கும் பாலத்தில் — பாரிட் என்றால் தோட்டத்துக் கால்வாய் — ஒரு சின்ன ஏற்றம். டிராக்டர் ஏறியது. டிரெய்லர் ஏறவில்லை. இரண்டையும் இணைக்கும் கம்பி விட்டுப்போக, டிரெய்லர் பின்னால் உருண்டு பாரிட்டில் சாய்ந்தது. நல்ல வேளை, வெயில் காலம்... முழங்கால் அளவு சேறுதான். ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. மற்ற ஆறு பேருக்கும் குளியல் மட்டும்.

காயம்பட்டவர்களுக்கு அரசாங்கக் காப்புறுதி இருக்கிறது. யார் தவறு என்று கேட்காமல் கொடுப்பார்கள். அதில் தகராறு இல்லை. தகராறு சந்தனத்தைப் பற்றியது. வேகமாக ஓட்டியதால் கம்பி துள்ளி வெளியே வந்துவிட்டது என்று சின்ன துரை கடிதம் கொடுத்திருந்தார். (வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ வருஷம். நாற்காலியில் இப்போது நம் நாட்டுக்காரர்கள். ஆனாலும் மேனேஜர் பெரிய துரை, உதவி மேனேஜர் சின்ன துரை!) குற்றம் உறுதியானால் பதினான்கு வருஷ வேலை போகும். வேலையோடு லயத்து வீடும் போகும். மனைவி அஞ்சலையும் நான்கு பிள்ளைகளும் எங்கே போவார்கள்?

சரி, தோட்டத்து மக்கள் சந்தனத்தைக் காப்பாற்ற என்ன செய்தார்கள்? பாசத்தோடு எல்லாவற்றையும் செய்தார்கள். சனிக்கிழமை பட்டறை ராமையா ஓவர்டைம் இல்லாமல் உட்கார்ந்து, வேறொரு வண்டியிலிருந்து நல்ல கம்பியைக் கழற்றி இதில் போட்டார். வளைந்த கொக்கியை நிமிர்த்தினார். கீறல் தெரியாமல் பெயிண்ட் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை போட்டு திருஷ்டி கழித்தார்கள். திங்கட்கிழமை சந்தனம் எட்டு வீட்டுக்கும் ஆரஞ்சுப் பழத்தோடு போய் மன்னிப்புக் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை வந்த சின்ன துரையின் கடிதத்தில் இரண்டாவது வரி: ‘தவற்றை அவரே எட்டுக் குடும்பங்களிடம் ஒப்புக்கொண்டுள்ளார்.’

கிள்ளான் நகரில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். விபத்து நடந்தால் காயம்பட்டவரைத் தூக்குங்கள், வண்டியைத் தொடாதீர்கள், யாரையாவது விட்டு ஒரு படம் எடுங்கள், தோட்டத்துக்குள் நடந்ததுதானே என்று போலீஸ் ரிப்போர்ட்டை விட்டுவிடாதீர்கள் என்பார். யார் கேட்கிறார்கள்? ரத்தத்தைக் கண்டால் நமக்குக் கழுவ வேண்டும். உடைந்ததைக் கண்டால் ஒட்ட வேண்டும். மனசு ஆறுகிறது, வாஸ்தவம்தான். ஆனால் அதோடு சாட்சியும் போய்விடுகிறதே.

அஞ்சலை எனக்குக் காப்பி கொண்டுவந்தபோது மணி எட்டு. பழைய கம்பி எங்கே என்று ராமையாவிடம் கேட்டேன். அவர் சாலையைப் பார்த்தார். பெருமாள் என்னைப் பார்த்தார். அஞ்சலைதான் பதில் சொன்னார்.

“அத முனியாண்டிக்குக் குடுத்தாச்சு அண்ணே. உசுருக்கு ஒண்ணும் ஆகலல்ல.”

லயத்துக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் முனியாண்டி. அவர் முன் ஐந்தாறு வேல், ஒரு அரிவாள். அவற்றின் நடுவே ஒரு சாண் நீளத்தில் நம்முடைய கம்பி, நுனியில் எலுமிச்சம்பழத்தோடு மண்ணில் ஊன்றி நின்றது. குனிந்து பார்த்தேன். டிரெய்லரில் போடுவது வழவழப்பான, தடித்த இரும்பு. இதில் வரி வரியாக மேடு இருந்தது. வீடு கட்ட சிமெண்டுக்குள் வைப்பார்களே, அந்தக் கம்பி! துள்ளி வெளியே வரவில்லை, நடுவில் ஒடிந்திருந்தது. இந்தக் கம்பிக்கு வேகமாவது, மெதுவாவது? எப்படிப் போனாலும் ஒடியும்.

எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகலாம் என்றேன். பூசாரி மாரியப்பன் குறுக்கே வந்தார். கணுக்கால் பிசகியவர் அவர்தான்.

“குடுத்தத திருப்பிக் கேட்டா, அடுத்த தடவ பாரிட்டுல தண்ணி இருக்கும் சார்.”

எவ்வளவோ பேசிப் பார்த்தோம். சந்தனமே வேண்டாம் என்றுவிட்டார். வேலை போனாலும் பரவாயில்லையாம், சாமி சொத்தில் கை வைக்கக்கூடாதாம். பெருமாள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆனால் விசாரணை என்றால் துரை கேட்க, தொழிலாளி தலையாட்டுவது என்று சட்டம் சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சி கூப்பிடலாம். பொருளைக் காட்டலாம். பொருள் வர முடியாத இடத்தில் இருந்தால், வந்து பாருங்கள் என்றும் கேட்கலாம். பெருமாள் அதைத்தான் கேட்டார். எனக்கு உள்ளே இடமில்லை, வராந்தாவில் இருந்தேன். சின்ன துரை ஏதோ சத்தமாகச் சொன்னது கேட்டது. பிறகு நாற்காலிகள் நகர்ந்தன.

பத்து நாற்பதுக்கு விசாரணை மொத்தமும் செம்மண் பாதையில் நடந்துபோனது. முன்னால் மாரியப்பன் நொண்டிக்கொண்டு. பின்னால் பெரிய துரை, சின்ன துரை, ஃபைலோடு ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி, பெருமாள், ராமையா, சந்தனம். எல்லாருக்கும் பின்னால் நான்.

மரத்தடிக்கு வந்ததும் பெரிய துரை பூட்ஸைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். அதைப் பார்த்துச் சின்ன துரையும் கழற்றினார். கட்டைவிரலால் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, கம்பியின் வரிகளை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார் பெரிய துரை.

“இது என்ன கம்பி?”

“வீடு கட்டுற கம்பிங்க தொர,” என்றார் ராமையா. “புதுசு கேட்டேன், வரல. இப்போதைக்கு இத வெட்டிப் போடுன்னாங்க.”

“யார் சொன்னது?”

ராமையா யாரையும் பார்க்கவில்லை. முனியாண்டியைப் பார்த்தார்.

“ஆபீஸ்ல வச்சுக் கேட்டிருந்தா மறந்துபோச்சுன்னு சொல்லியிருப்பேன் தொர. இங்க வச்சுக் கேக்குறீங்க... சின்ன தொரதான்.”

சின்ன துரை தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்று சொல்லவில்லை.

பெரிய துரை கிராணியிடம் ஃபைலை வாங்கி, அந்தக் கடிதத்தைத் தனியே எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நாளைக் காலையிலிருந்து வழக்கம்போல வண்டியை எடுக்கலாம் என்று சந்தனத்திடம் சொன்னார். எலுமிச்சம்பழம் கீழே விழுந்திருந்தது, சந்தனம் அதை எடுத்துத் துடைத்துக் கம்பியின் நுனியில் திரும்பச் செருகினார்.

பெரிய துரை பூட்ஸ் போடும்போதே இன்னோர் உத்தரவும் கொடுத்தார். மாலை நான்கு மணிக்குள் தோட்டத்தின் மற்ற மூன்று டிராக்டர்களையும் நிறுத்தி, டிரெய்லர்களைக் கழற்றிப் பார்த்தார்கள்.

இரண்டில் அதே கம்பி இருந்தது.